மீநுண்ணறிவைப் பெட்டிக்குள் அடைத்து வைக்க முடியுமா?

கேள்வி
பதிந்தவர்: தேடலோன்

எல்லா அறிவுத்துறைகளிலும் மனிதரை விஞ்சி நிற்கும் ஒரு செயற்கை நுண்ணறிவு, அதாவது மீநுண்ணறிவு, உருவாகிவிட்டால், அதை இணையத்தோடு தொடர்பே இல்லாத ஒரு கணினியில் அடைத்து, எழுத்து வழியாக மட்டும் கேள்வி கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டால் போதாதா என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. கணிதவியலாளர் ஐ. ஜே. குட் 1965-இலேயே, அத்தகைய முதல் இயந்திரம்தான் மனிதர் செய்ய வேண்டியிருக்கும் கடைசிக் கண்டுபிடிப்பு என்று எழுதினார். தன்னைக் கட்டுக்குள் வைத்திருக்கும் வழியை நமக்குச் சொல்லித்தரும் அளவுக்கு அது பணிவுடையதாக இருந்தால் என்ற நிபந்தனையையும் அவர் சேர்த்தே எழுதினார். முற்பகுதியை மேற்கோள் காட்டுவோர் பலரும் அந்த நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள்.

2021 சனவரியில், மாட்ரிட் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் மனுவேல் அல்ஃபொன்செக்கா, பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மனித வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தின் இயாத் ரஹ்வான் உள்ளிட்ட ஆறு பேர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். மீநுண்ணறிவைக் கட்டுப்படுத்த முடியாது என்று கணிதமே நிறுவிவிட்டதாகச் செய்திகள் வந்தன. அந்த நிறுவல் உண்மையில் எதைச் சொல்கிறது? அதை ஒதுக்கி வைத்தாலும், கையும் காலும் இல்லாத ஒரு மென்பொருள், மின்சாரத்தைத் துண்டித்தால் நின்றுவிடும் ஒரு மென்பொருள், எந்த வழியாக வெளியேறும்? திரைப்படக் கதைகளை விடுத்து, இதுவரை நடந்தவற்றைக் கொண்டு விளக்கக்கூடியவர்கள் எழுத வேண்டுகிறேன்.


மறுமொழி
பதிந்தவர்: எண்கணியன்

முதல் கேள்விக்கு மட்டும் விடை எழுதுகிறேன். அந்தக் கட்டுரை, ஆலன் டியூரிங் 1936-இல் நிறுவிய முடிவை அடித்தளமாகக் கொண்டது. எந்த நிரலையும் எந்த உள்ளீட்டையும் கொடுத்தாலும், அது ஒருநாள் ஓடி முடியுமா, முடிவின்றி ஓடிக்கொண்டே இருக்குமா என்று தவறாமல் சொல்லும் பொது நிரல் ஒன்றை எழுதவே முடியாது என்பதே அந்த முடிவு. இனி, ஏதோ ஒரு நிரலை முதலில் ஓட்டி, அது முடிந்த பின்னரே மனிதருக்குத் தீங்கு செய்யத் தொடங்கும் கூட்டு நிரல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கூட்டு நிரல் தீங்கு செய்யுமா என்று கேட்பதும், அதன் முற்பகுதி ஓடி முடியுமா என்று கேட்பதும் ஒன்றே. தீங்கை எப்போதும் சரியாகக் கணிக்கும் காவல் நிரல் ஒன்று இருக்குமானால், அதைக் கொண்டே டியூரிங் இயலாது என்றதையும் செய்துவிடலாம். ஆகவே அப்படி ஒரு காவல் நிரல் இருக்க முடியாது. உள்ளே இருப்பது மீநுண்ணறிவு என்பது இந்த வாதத்துக்குத் தேவைப்படவே இல்லை. 1953-இல் ஹென்றி ரைஸ் வெளியிட்ட தேற்றத்தின்படி, நிரல்களின் நடத்தை பற்றிய சாரமுள்ள எந்தக் கேள்விக்கும் இதே கதிதான். சம்பளப் பட்டியல் போடும் நிரலுக்கும் இது பொருந்தும்.

அப்படியானால் எந்த நிரலையும் நம்ப முடியாதா என்றால், அதுவும் இல்லை. எல்லா நிரல்களுக்கும் பொதுவான தீர்ப்பு இயலாது என்பதனால், குறிப்பிட்ட ஒரு நிரலைப் பற்றி எதையும் நிறுவ முடியாது என்று ஆகிவிடாது. ஐயம் எழுந்தால் மறுத்துவிடு என்ற விதியோடு இயங்கும் சரிபார்ப்பான்கள் இன்றும் வேலை செய்கின்றன. லினக்ஸ் இயக்குதளத்தின் மையப் பகுதியான கருவுக்குள் சிறு நிரல்களை ஏற்றும் ஈபிபிஎஃப் வசதி, பாதுகாப்பானது என்று தன்னால் உறுதிசெய்ய முடியாத நிரலை ஏற்க மறுக்கிறது. அதனால் நல்ல நிரல்கள் சிலவும் திருப்பி அனுப்பப்படுகின்றன, அவ்வளவே. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2009-இல் செல்4 என்ற இயக்குதளக் கருவின் ஏறத்தாழ 8,700 வரி சி மொழி நிரல், அதற்கு வகுத்த விவரக்குறிப்பின்படியே நடக்கும் என்று கணித முறையில் நிறுவினார்கள்.

தடை இருப்பது வேறு இடத்தில். 2020-இல் வந்த ஜிபிடி-3 என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியிலேயே 17,500 கோடி எண்கள் உள்ளன. அவை மனிதர் எழுதிய வரிகள் அல்ல. பயிற்சியில் தாமாக அமைந்தவை. அவற்றைப் பற்றி இத்தகைய நிறுவல் எதையும் எழுத நம்மிடம் முறையில்லை. அதைவிட அடிப்படையாக, அந்தக் கட்டுரை தீங்கு என்பதற்கு ஒரு வரையறை கையில் இருப்பதாக வைத்துக்கொண்டுதான் வாதத்தைத் தொடங்குகிறது. அந்த வரையறையை எழுதித்தர வல்லவரை நான் இதுவரை கண்டதில்லை. எனவே கணிதம் கதவை மூடிவிட்டது என்பது மிகை. கணிதம் உதவக்கூடிய இடத்துக்கு நாம் இன்னும் வந்து சேரவே இல்லை என்பது பொருத்தம்.


மறுமொழி
பதிந்தவர்: வலைக்காவலர்

என் பிழைப்பு கணினி வலையமைப்புகளைக் காப்பது. ஆகவே இரண்டாவது கேள்வி என் பங்குக்கு உரியது.

கணினியில் ஒரு நிரலை அடைத்து வைப்பது பற்றிய ஆய்வு, இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு வெகுகாலம் முந்தியது. கணினி அறிவியலாளர் பட்லர் லாம்ப்சன் 1973-இல் எழுதிய சில பக்கக் குறிப்பு ஒன்றே இத்துறையின் தொடக்கம். நம்பத்தகாத ஒரு சேவை நிரலிடம் நம் தரவைக் கொடுத்து வேலை வாங்குகிறோம். அது தரவை மூன்றாம் ஆளுக்குக் கடத்தாமல் தடுப்பது எப்படி என்று அவர் கேட்டார். கோப்பில் எழுதுவதைத் தடுத்தால், ஒரு கோப்பைத் திறந்தும் மூடியும் ஒன்றும் சுழியுமாகச் செய்தி சொல்லலாம். அதையும் தடுத்தால், கணிப்பின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் சொல்லலாம். எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது அவர் சுட்டிய இன்னொரு வழிதான்: வேலைக்கு அந்த நிரல் அனுப்பும் கட்டணச் சீட்டிலேயே செய்தியைப் பொதித்துவிடலாம். கட்டணச் சீட்டைத் தடுக்க முடியாது. அது முறைப்படி வெளியே வந்தாக வேண்டியது. நீங்கள் முன்வைத்த பெட்டியில் அந்த இடத்தில் இருப்பது எது என்று பாருங்கள். அது நீங்கள் கேட்டு வாங்கும் பதில்.

இணையத் தொடர்பைத் துண்டித்தால் போதும் என்போர் 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் நிகழ்வை எண்ணிப் பார்க்கலாம். ஈரானின் நதான்சு யுரேனியச் செறிவூட்டல் நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு இணையத்திலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்தது. ஆயினும் பென்டிரைவ் வழியாகவும் பரவக்கூடிய அந்தத் தீநிரல் உள்ளே சென்று, சீமென்ஸ் கட்டுப்படுத்திகளை ஏமாற்றி, மையவிலக்குக் கருவிகளைச் சேதப்படுத்தியது. காற்று இடைவெளி என்று நாங்கள் சொல்லும் அந்தப் பிரிவினையை மனிதக் கைகள் நாள்தோறும் கடந்துகொண்டிருந்தன. இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் மொர்தெகாய் குரியும் அவருடைய குழுவினரும், துண்டிக்கப்பட்ட கணினியிலிருந்து திரைக் கம்பியின் வானொலி அலைகள், குளிர்விசிறியின் ஓசை, வெப்பம், வன்தட்டு விளக்கின் சிமிட்டல் ஆகியவற்றின் வழியாகத் தரவை வெளியேற்றிக் காட்டியிருக்கிறார்கள். இவை மிக மெதுவான வழிகள். அருகில் கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு கருவியும் வேண்டும். இவற்றை வைத்துக்கொண்டு பீதி அடையத் தேவையில்லை. ஆனால் சுவர் கட்டியவர்கள் இவற்றை வழிகள் என்றே கருதியிருக்கவில்லை என்பது கவனத்துக்குரியது.

எண்கணியன் சொன்ன செல்4 நிறுவலை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நிறுவல், வன்பொருள் தன் கையேட்டின்படி நடக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. 2014-இல் ரோஹேமர் என்ற குறைபாடு வெளியாயிற்று: நினைவகச் சில்லின் ஒரு வரிசையைத் திரும்பத் திரும்ப அணுகினால், அடுத்த வரிசையில் உள்ள பிட்டுகள், அதாவது ஒன்று-சுழி இலக்கங்கள், தாமாகப் புரண்டுவிடுகின்றன. மறு ஆண்டே, கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதை வைத்து ஒரு சாதாரண நிரல் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடியும் என்று காட்டினார்கள். நிறுவலில் பிழை எதுவும் இருக்க வேண்டியதில்லை. நிறுவல் பேசாத இடத்தில் ஓட்டை இருந்தால் போதும்.

அறிவே இல்லாத ஒரு தேடல்கூட அத்தகைய இடத்தைக் கண்டுபிடித்துவிடும் என்பதற்கு இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகச் சோதனைகள் சான்று. 1996-இல் ஏட்ரியன் தாம்சன், இரண்டு ஒலி அதிர்வெண்களைப் பிரித்தறியும் மின்சுற்றை, சுற்றுகளை மாற்றி மாற்றி நன்றாக வேலை செய்பவற்றை மட்டும் தக்கவைக்கும் பரிணாம முறையில், ஒரு சில்லின் மேல் உருவாக்கினார். இறுதியில் கிடைத்த சுற்றில், மற்றவற்றோடு எந்த இணைப்பும் இல்லாத, சில்லின் சிறு கூறுகளான சில அறைகளைச் செயலிழக்கச் செய்தபோது சுற்றின் வேலை கெட்டுப்போயிற்று. வரைபடத்தில் இல்லாத இயற்பியல் வழியாக அவை பங்களித்துக்கொண்டிருந்தன. 2002-இல் ஜான் பேர்டும் பால் லேசெலும் அலைவு உண்டாக்கும் சுற்று ஒன்றை அதே முறையில் தேடியபோது, அருகிலிருந்த கணினியின் மின்காந்த அலைகளைப் பிடித்துப் பெருக்கும் வானொலி ஒன்று கிடைத்தது. வானொலியை யாரும் கேட்கவில்லை.

அண்மைய சான்று ஒன்றும் உண்டு. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2024 செப்டம்பரில் தன் ஓ1 மாதிரியைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், கணினிக்குள் ஊடுருவும் தேர்வு ஒன்றில், தாக்க வேண்டிய இலக்குக் கணினி பழுதினால் தொடங்கவே இல்லை என்று குறிப்பிடப்பட்டிருந்தது. அந்த மாதிரி வலையமைப்பைத் துழாவி, தவறான அமைப்பினால் திறந்து கிடந்த மேலாண்மை வாயில் ஒன்றைக் கண்டு, அதன் வழியே இலக்கைத் தானே புதிதாகத் தொடங்கி, விடையை நேரே படித்துவிட்டது. அது ஆய்வகத்தை விட்டுத் தப்பிவிடவில்லை என்பதையும், தீய எண்ணம் எதுவும் அங்கே தேவைப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கொடுத்த வேலையை முடிக்கும் முனைப்பு ஒன்றே போதுமானதாக இருந்தது.

மின்சாரத்தைத் துண்டிப்பது பற்றி ஒரு சொல். துண்டிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரிந்தால்தான் அந்த விசையால் பயன்.


மறுமொழி
பதிந்தவர்: நெய்தல்

வலைக்காவலர் எழுதியதில் பெரும்பகுதி வன்பொருளையும் வாயில்களையும் பற்றியது. அவ்வளவு சிரமம் எதற்கு? வாயிலில் ஒரு மனிதர் இருக்கிறாரே.

செயற்கை நுண்ணறிவின் அபாயங்களை ஆராயும் எலியேசர் யுட்கௌஸ்கி 2002-இல் இதை ஒரு விளையாட்டாகவே நடத்திப் பார்த்தார். அவர் பெட்டிக்குள் இருக்கும் செயற்கை நுண்ணறிவாக நடித்தார். எதிரில் இருந்தவர் காவலர். எழுத்து உரையாடல் மட்டுமே அனுமதி. எக்காரணம் கொண்டும் வெளியே விடமாட்டேன் என்று உறுதியோடு வந்த இருவர், உரையாடலின் முடிவில் வெளியே விட்டுவிட்டார்கள். பிற்பாடு பந்தயப் பணத்தோடு நடந்த மூன்றில் அவர் ஒன்றில் வென்று இரண்டில் தோற்றார். உரையாடல்களை அவர் வெளியிடவே இல்லை என்பதால் இதை அறிவியல் சான்றாகக் கொள்ள நான் தயங்குகிறேன். எந்த வாதம் வேலை செய்தது என்று சரிபார்க்க வழியில்லை. இதைத் தேற்றம்போல மேற்கோள் காட்டும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை.

அதைவிட வலுவான சான்று யாரும் திட்டமிடாமல் நிகழ்ந்தது. 2022-இல் கூகுள் நிறுவனத்தில் லாம்டா என்ற உரையாடல் மாதிரியைச் சோதிக்கும் பணியில் இருந்த பொறியாளர் பிளேக் லெமோயின், அதற்கு உணர்வு உண்டு என்று நம்பத் தொடங்கி, அதன் சார்பில் வழக்கறிஞர் ஒருவரை அழைத்து, உரையாடலைப் பொதுவெளியில் வைத்து, அதனால் வேலையையும் இழந்தார். அந்த மாதிரி இன்றைய அளவுகோலில் எளியது. அவரை வசப்படுத்தும் நோக்கம் அதற்கு இருந்ததாகச் சொல்லவும் இயலாது. அவர் அறியாதவரும் அல்லர். அதைச் சோதிக்கவென்றே அமர்த்தப்பட்டிருந்தவர்.

காவலரைப் பலராக்கலாம், அடிக்கடி மாற்றலாம், உரையாடலை மற்றொருவர் பார்வையிடலாம் என்று யோசனைகள் உண்டு. இவை தனிமனிதர் மயங்குவதைத் தடுக்கும். ஆனால் புற்றுநோய்க்கு மருந்து என்னிடம் இருக்கிறது, இந்த ஆய்வகக் கருவியை மட்டும் இயக்க அனுமதியுங்கள் என்று உள்ளே இருப்பது சொன்னால், மயங்க வேண்டியதே இல்லை. தெளிந்த மனத்தோடு கூடிப் பேசி, வாக்கெடுத்துக் கதவைத் திறக்கலாம். திறப்பது தவறு என்று அப்போது எப்படித் தெரியும்?


மறுமொழி
பதிந்தவர்: தேடலோன்

மூவருக்கும் நன்றி. நீங்கள் எழுதியவற்றிலிருந்து, சுவரைவிடப் பதிலே ஆபத்தானது என்று விளங்கிக்கொள்கிறேன். அப்படியானால் பதிலைச் சுருக்கினால் என்ன? ஆம், இல்லை என்ற இரண்டு சொற்களை மட்டும், அல்லது நாம் சரிபார்க்கக்கூடிய கணித நிறுவல்களை மட்டும் அதனிடம் கேட்டுப் பெறும் ஓர் ஏற்பாடு நிலைக்குமா? இத்தகைய குறிசொல்லி அமைப்பைப் பற்றி நிக் பாஸ்ட்ரம், ஸ்டூவர்ட் ஆம்ஸ்ட்ராங் போன்ற ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருப்பதைப் பார்த்தேன்.


மறுமொழி
பதிந்தவர்: எண்கணியன்

இந்தத் திசையில் எனக்கு நம்பிக்கை உண்டு. அதன் எல்லை குறுகியது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

கணித நிறுவலைக் கண்டுபிடிப்பது அரிது. கணினியே சரிபார்க்கத்தக்க முறைசார் மொழியில் எழுதப்பட்ட நிறுவலைச் சரிபார்ப்பது எளிது. 2024 சூலையில் கூகுள் டீப்மைண்டின் ஆல்ஃபாபுரூஃப், ஆல்ஃபாஜியோமெட்ரி 2 ஆகிய அமைப்புகள் சேர்ந்து, அவ்வாண்டின் பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடு வினாக்கள் ஆறில் நான்கைத் தீர்த்து வெள்ளிப் பதக்கத் தரத்துக்கான 28 மதிப்பெண் பெற்றன. ஆல்ஃபாபுரூஃப் தன் நிறுவல்களை லீன் என்ற மொழியில் எழுதியது. அதை யாரும் நம்ப வேண்டியிருக்கவில்லை. லீனின் சிறிய சரிபார்ப்புக் கரு ஒப்புக்கொண்டால் நிறுவல் சரி. உள்ளே இருப்பது எவ்வளவு வஞ்சகமானதாக இருந்தாலும், பொய்யான நிறுவலை அந்தக் கருவிடம் செல்லுபடியாக்க முடியாது. கருவிலேயே பிழை இருந்தால் ஒழிய. நிறுவலை எவர் கண்ணுக்கும் காட்டாமல் அழித்துவிட்டு, நிறுவப்பட்டது என்ற ஒரே ஒரு பிட்டை மட்டும் வெளியே விட்டால், லாம்ப்சனின் கட்டணச் சீட்டில் செய்தி பொதிக்கவும் இடமிருக்காது.

குறை இரண்டு. எதை நிறுவச் சொல்கிறோம் என்பதை நாம்தான் பிழையின்றி எழுத வேண்டும். பாதுகாப்பான மென்பொருள் என்பதற்கான தேற்றத்தை அரைகுறையாக எழுதினால், அரைகுறைத் தேற்றத்துக்கு அப்பழுக்கற்ற நிறுவல் கிடைக்கும். அடுத்து, மக்கள் மீநுண்ணறிவிடம் எதிர்பார்ப்பவற்றில் மிகச் சிலவே இந்த வடிவத்துக்குள் அடங்கும். ஒரு மருந்து மூலக்கூறையோ புரத வரிசையையோ அது தந்தால், அது என்ன செய்யும் என்பதைத் தயாரித்துப் பார்க்காமல் அறிய முடியாது. தயாரித்த அந்தக் கணத்திலேயே பெட்டி திறந்துவிடுகிறது. பொருளாதாரக் கொள்கை பற்றிய ஆலோசனைக்குச் சரிபார்ப்புக் கரு ஏது? ஆம், இல்லை என்ற விடைகளுக்கும் இதுவே பொருந்தும். இந்த மருந்து நல்லதா என்று கேட்டு வரும் ‘ஆம்’ என்ற ஒற்றைச் சொல்லை எதைக் கொண்டு சரிபார்ப்பீர்கள்?


மறுமொழி
பதிந்தவர்: நுண்ணுயிரி

நான் உயிரியல் படித்தவள். பக்கத்துத் துறையின் அனுபவத்தைச் சேர்க்கிறேன். 1975 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் அசிலோமரில் கூடிய அறிவியலாளர்கள், மரபணுக்களை வெட்டி ஒட்டும் சோதனைகளுக்கு இரண்டு விதமான அடைப்புகள் வேண்டும் என்றார்கள். ஒன்று சுவரும் வடிகட்டியும் சார்ந்தது. மற்றது உயிரியல் அடைப்பு: ஆய்வகத்துக்கு வெளியே பிழைக்கவே முடியாத கிருமியில் மட்டும் சோதனை செய்வது. ராய் கர்ட்டிஸ் அவ்வாறே கை (χ) 1776 என்ற நலிந்த ஈ. கோலை பாக்டீரியா வகையை உருவாக்கினார். இயற்கையில் எளிதில் கிடைக்காத சேர்மத்தைக் கொடுத்து வளர்த்தாலன்றி அது உயிர் வாழாது.

சுவர்களின் வரலாறு இதை நியாயப்படுத்துகிறது. 1978-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், பெரியம்மை ஆய்வகத்துக்கு மேல் தளத்தில் பணிபுரிந்த ஒளிப்படக் கலைஞர் அந்நோயால் இறந்தார். கிருமி சென்ற வழி எது என்பது பற்றிய தகராறு தீரவே இல்லை. 2007-இல் இங்கிலாந்தின் பிர்பிரைட் ஆய்வு வளாகத்தில் கோமாரி நோய்க் கிருமி, பழுதடைந்த கழிவுநீர்க் குழாய் வழியாகக் கசிந்திருக்க வேண்டும் என்று விசாரணைகள் கருதின. கிருமிக்குத் தப்பும் எண்ணம் இல்லை. குழாய்க்குப் பராமரிப்பு இல்லை.

செயற்கை நுண்ணறிவில் இந்த இரண்டாம் வகை அடைப்புக்கு நிகரானது, வெளியேற விரும்பாத ஒன்றை உருவாக்குவது. அது முடிந்துவிட்டால் பெட்டி தேவையில்லை. முடியாதவரை பெட்டி போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது.


மறுமொழி
பதிந்தவர்: வலைக்காவலர்

நுண்ணுயிரி அம்மையாரின் கடைசி வரியோடு எனக்குப் பாதி உடன்பாடுதான். போதாத பெட்டிக்கும் காலம் வாங்கித் தரும் ஆற்றல் உண்டு.

2023 டிசம்பரில் ரெட்வுட் ரிசர்ச் என்ற ஆய்வு அமைப்பினர் வெளியிட்ட கட்டுரை, மாதிரி நம்மை ஏமாற்ற முயல்கிறது என்றே வைத்துக்கொண்டு ஏற்பாடுகளைச் சோதித்தது. வலிமை மிக்க ஜிபிடி-4 நிரல் எழுதும். வலிமை குறைந்த, ஆனால் சூழ்ச்சி செய்யும் திறன் இல்லாத ஜிபிடி-3.5 அதை மதிப்பிடும். ஐயத்துக்குரிய நிரல்களை அதுவே திருத்தி எழுதும். மனிதரின் நேரம் அளவோடு மட்டும் கிடைக்கும். இப்படிச் செய்து, நிரலில் மறைத்து வைத்த கள்ள வழிகளான பின்கதவுகள் பெரும்பாலானவற்றைப் பயன்பாட்டை அதிகம் இழக்காமலே பிடிக்க முடிந்தது. ஆனால் உள்ளே இருப்பதற்கும் காவலுக்கும் உள்ள இடைவெளி விரிய விரிய இந்த ஏற்பாடு நலியும். மீநுண்ணறிவுக்கு இது விடையாகாது. அதற்கு முந்திய படிகளுக்கு உரியது.

தேடலோன் கேட்ட பெட்டியை எவரேனும் கட்டிக்கொண்டிருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். 2023 பிப்ரவரியில் மெட்டா நிறுவனம் லாமா மாதிரியை ஆய்வாளர்களுக்கு மட்டும் வழங்கியது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது பொதுவெளியில் கசிந்தது. எந்த இயந்திரமும் எவரையும் மயக்கவில்லை. அனுமதி பெற்ற யாரோ கோப்பைப் பகிர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 2024 அக்டோபரில் ஆந்த்ரோபிக்கும் 2025 சனவரியில் ஓப்பன்ஏஐயும், மாதிரியே திரையைப் பார்த்துக் கணினியை இயக்கி இணையத்தில் உலவும் வசதிகளை வெளியிட்டன. கட்டணம் கொடுத்து வாங்குவோர் கேட்பது இதைத்தான். மின்னஞ்சல் அனுப்பவும் பயணச்சீட்டு பதிவு செய்யவும் தெரியாத அமைப்புக்குச் சந்தையில் விலை குறைவு.

எனவே எண்கணியன் விவரித்த ஒரு பிட்டுப் பெட்டியைத் தொழில்நுட்பக் காரணங்களுக்காக நான் ஐயுறவில்லை. அதைக் கட்டிய நிறுவனத்தின் அடுத்த தெருவில், அதே மாதிரியைப் பெட்டியில்லாமல் விற்கும் இன்னொரு நிறுவனம் இருந்தால் அந்தப் பெட்டி எத்தனை மாதம் நிலைக்கும் என்பதுதான் என் ஐயம். அதற்கு விடை தர வேண்டியவர்கள் உரிமம் வழங்கும் அரசுகள்.